ஜிம்னேசியத்தின் வாசற்கல்

ஜூலை 4, 2022, திங்கள்

குன்னூரில் பஸ் மாறி ஹார்லி குன்று வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கன்டோன்மென்ட் போர்டு விருந்தினர் விடுதியில் நான்காம் எண் அறை. ஜன்னல் மூடவில்லை. கதவு மூடுகிறது; மூடினால் திறப்பதில்லை. வேறு அறை கேட்டேன். மற்ற அறைகள் ஒழுகுகின்றன என்றார்கள்.

வேலை இதுதான். இங்கே இருக்கும் பழைய ராணுவ ஜிம்னேசியத்தின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் எழுதி 28ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். போர்டு செயலாளர் கமலக்கண்ணன் மரியாதையான மனிதர். தேநீர் வந்து அது ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க நூறு பக்கம் எழுதுங்க, இருநூறு பக்கம் எழுதுங்க. எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வருஷம்தான்."

பாரம்பரியக் கட்டடங்களுக்கு இரண்டு பட்டியல்கள். 1875க்கு முன் கட்டியவை முதல் பட்டியல். ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. பின்னால் கட்டியவை இரண்டாம் பட்டியல்; போர்டு தீர்மானம் போட்டால் இடித்துக்கொள்ளலாம். ஜிம்னேசியம் முதல் பட்டியலில் இருக்கிறது. போர்டுக்கு அந்த இடத்தில் ஒரு மாநாட்டுக் கூடமும் கார் நிறுத்தமும் வேண்டும்.

பட்டியலை வைத்திருக்கும் சென்னைக் குழுவுக்குத் தலைவன் திருமலைவாசன்; எனக்கு வெறும் வாசன். ஜிம்னேசியம் 1864இல் கட்டப்பட்டது, மாகாணத்திலேயே மூத்தது என்று ஊருக்குச் சொன்னதும் அவன் புத்தகம்தான். நான்கு பதிப்பு கண்ட புத்தகம். அதில் 61 முதல் 68 வரையுள்ள பக்கங்களின் வரைபடங்கள் என்னுடையவை. 1994இல் இருபத்தைந்து வயதில் நான் இங்கே வந்து, ஒவ்வொரு செங்கல்லையும் தொட்டு அளந்து வரைந்தவை. முன்னுரையின் கடைசி வரியில், "உதவிய நண்பர்களுக்கும்" என்று நன்றி சொல்லியிருக்கிறான். அந்த 'உம்'மில் நான் இருக்கிறேன்.

2009இல் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். என்னிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி, "உடம்பு எப்படி இருக்கு, சிகாமணி?"

ஜூலை 5, செவ்வாய்

கட்டடம் நான் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. என்னைவிட நன்றாக நிற்கிறது.

எண்பதடி நீளம், நாற்பதடி அகலம். கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல் சுவர். வெளியே சுவரைத் தாங்கிப் பிடிக்கும் பன்னிரண்டு உதைசுவர்கள். ஜன்னல்கள் தரையிலிருந்து பத்தடிக்கு மேலேதான் தொடங்குகின்றன. வெளிச்சம் வரும், தரையில் பயிற்சி செய்யும் சிப்பாய் வெளியே வேடிக்கை பார்க்க முடியாது. கூரையின் முகட்டில் நீளவாக்கில் ஒரு காற்றுக்கூடு: நாற்பது பேரின் மூச்சும் வியர்வையும் அந்த வழியே போய்விடும். கிழக்கு முனையில் அதிகாரிகள் நின்று பார்க்க ஒரு மரமாடம். வாசல் வளைவுக்கு மேலே, பதினான்கடி உயரத்தில், ஒரு கிரீடமும் 1864 என்ற எண்ணும் பொறித்த கல்.

உள்ளே எதிர்பாராத கூட்டம். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஹவில்தார் ஜோகி, படகர் இனத்தவர், பக்கத்து ஹட்டி என்னும் சிற்றூர்க்காரர், காலை எட்டு முதல் பத்து வரை இங்கே ஒரு வகுப்பு நடத்துகிறார். பக்கவாதம் வந்தவர்கள், கால் இழந்த பழைய சிப்பாய்கள், இடுப்பு விழுந்த பெண்கள் என்று பதினாறு பேர். வெள்ளைக்காரன் காலத்து இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

வடக்குச் சுவர் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். கை எவ்வளவு உயரம் போகிறது என்று ஒவ்வொருவருக்கும் செங்கல் வரியை எண்ணிக் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார் ஜோகி. அறிக்கைக் குறிப்பில் எழுதினேன்: "வடக்குச் சுவர் கிறுக்கப்பட்டுள்ளது. கழுவ வேண்டும்."

ஜூலை 7, வியாழன்

வரலாற்றுப் பகுதியைத் தொடங்கினேன். கிரிமியப் போரில் பீரங்கியைவிட நோஞ்சான் உடம்புதான் தன் படையை அதிகம் தின்றது என்று பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உறைத்தது. 1860இல் ஒரு மேஜரையும் பன்னிரண்டு சார்ஜென்டுகளையும் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிக் கயிறு ஏறவும் மரக்குதிரை தாண்டவும் கற்றுவரச் செய்தார்கள். அதன் பிறகுதான் முகாம்தோறும் இப்படிக் கூடங்கள். இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே சிப்பாய் குண்டுபட்டுச் செத்ததைவிடக் குடித்துச் செத்தது அதிகம்.

மாலை மாடத்திலிருந்து கூரைச் சட்டங்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளாஸ்கோ முத்திரை. தேனிரும்பு இல்லை, உருக்கு. 1864இல் ஹார்லி குன்றுக்கு உருக்குச் சட்டம் வந்திருக்க வழியே இல்லை. கூரையைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். ஆனால் சட்டம் உட்காரும் கல்லைச் சுவரோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்; அப்படியானால் சுவருக்கும் அதே வயது.

இன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். பிறகு பஜார் வரை நடந்தேன். திரும்பி வந்து மறுபடி நடந்தேன்.

ஜூலை 8, வெள்ளி

ஜோகியிடம் வாசற்கல்லைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் ஒரு கிழவியின் கையை மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"இங்க கல்லெல்லாம் அப்படித்தான் சார். கட்டடம் போனா கல்லு அடுத்த கட்டடத்துக்குப் போகும். ராணுவத்துல எழுத்து வெட்டின கல்ல உடைக்க மாட்டாங்க. நம்ம பம்ப் ஹவுஸ் பாருங்க. 1871னு போட்டிருக்கும், உள்ள போனா கான்க்ரீட்."

இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"யார் கேட்டாங்க?"

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஜூலை 9, சனி

மழை. ஏணிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 11, திங்கள்

சுபேதார் தங்கையாவுக்கு எழுபத்தொன்று. நாங்குநேரிக்காரர். இடப்பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது, நாக்கு விழவில்லை. இணைகம்பிகளுக்கு நடுவே தொங்கியபடி என்னைப் பார்த்தார்.

"இடிக்க வந்த ஆளு நீருதானா?"

ஆய்வு செய்ய வந்தவன் என்றேன்.

"அதான் வே கேக்கேன். காலையில இருந்து டேப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கேரு. சுவரு ஆடுதான்னு பாக்கேரா, நான் ஆடுதேனான்னு பாக்கேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோகி சிரிக்கவில்லை, என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பை எப்போதும் இடது கையால் பிடிக்கிறேனாம். பஸ்ஸில் பெட்டி தூக்கியதில் சுளுக்கு என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன்.

சட்டைப் பித்தான் போட இன்று பத்து நிமிடம் ஆயிற்று. ஏப்ரலிலும் பத்து நிமிடம்தான்.

ஜூலை 13, புதன்

போர்டு ஆவண அறை. ஈரமும் கரையானும். 1893ஆம் வருடத்து மராமத்துப் பதிவேடு, 112ஆம் பக்கம். அழகான கையெழுத்தில் மூன்று வரி: பழைய சாராயக் கான்டீன் இடிக்கப்பட்டது, அதே மனையில் புதிய ஜிம்னேசியம் கட்டி முடிந்தது, கான்டீனின் கல், வழக்கப்படி, புதிய வாசலின் மேல் பதிக்கப்பட்டது.

நான்கு பதிப்புகளாக வாசன் வணங்கிய கல் ஒரு சாராயக் கடையின் கல்.

வெளியே வந்து மழையில் நின்றேன். சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். காவலாளி எட்டிப் பார்த்தான். கோயம்புத்தூரிலிருந்து மாலதி பேசினாள். குரல் நன்றாக இருக்கிறதே, யாரோடு சண்டை என்று கேட்டாள். மனைவிகளுக்கு இப்படியொரு காது.

ஜூலை 14, வியாழன்

உட்கார முடியவில்லை. அறைக்குள் எட்டு அடி, திரும்பினால் எட்டு அடி. முதல் வாக்கியத்தைப் பதினொரு விதமாக எழுதிவிட்டேன். எல்லாமே வாசன் பெயரில்தான் தொடங்குகின்றன.

ஜூலை 16, சனி

கமலக்கண்ணன் ஜீப்பில் வந்து இறங்கி, மேலோட்டமாக ஏதாவது தெரிந்ததா என்றார். இன்னும் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முழுதாகக் கொடுப்பதுதான் முறை என்பதால் இருக்கும்.

இடித்தால் இந்தப் பதினாறு பேர் எங்கே போவார்கள் என்று கேட்டேன். பதினெட்டு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பிசியோதெரபி பிரிவு இருக்கிறது என்றார். தங்கையா ஜீப்பின் திசைக்கு முகத்தைத் திருப்பாமலே, "ரெண்டு பஸ் மாறணும். ஏத்தி எறக்க நீங்க வருவியளா?" என்றார். கமலக்கண்ணன் பணிவாகச் சிரித்தார்.

இது என் கவலை இல்லை. ஒரு கட்டடத்தின் வயதைக் கேட்டார்கள். வயதைச் சொல்வேன்.

வகுப்பு முடிந்ததும் ஜோகி என்னை வடக்குச் சுவரருகே நிறுத்தினார். "சுளுக்குதானே சார். விரலால சுவர்ல நடங்க. எறும்பு ஏறுற மாதிரி." பதினெட்டாம் வரியில் கை நின்றுவிட்டது. கோடு போட்டு, 16-7 என்று எழுதினார். பெயர் எழுதவில்லை. கேட்டதற்கு, "கழுவணும்னு எழுதியிருக்கீங்களே, ஒரு பேர் மிச்சமாகட்டும்" என்றார். என் குறிப்பேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போயிருக்கிறேன்.

ஜூலை 18, திங்கள்

வாசனுக்குப் போன் செய்தேன். பதின்மூன்று வருடத்தில் முதல் முறை. அவன் முகம் எப்படிப் போகும் என்பதைக் குரலிலாவது கேட்க வேண்டும். கல் அந்தக் கட்டடத்துக்கு உரியதல்ல, நிரூபிக்கப் போகிறேன் என்றேன். பதிவேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முதல் அடியிலேயே இறக்கக் கூடாது.

"எழுதுடா" என்றான். "தப்புன்னா தப்புன்னு எழுது. புஸ்தகம் என் பேர்ல வந்தது, அடியும் எனக்குத்தான் விழணும். கட்டடம் போயிடுமேங்கறதுதான் வருத்தம்."

அதோடு நிற்கவில்லை அவன்.

"உன் நோட்டு என்கிட்டதான் இருக்கு. தொண்ணூத்தி நாலு நோட்டு. அனுப்பறேன். அதுல ஏதாவது உதவுமான்னு பாரு."

மன்னிப்புக் கேட்பான், மறுப்பான், கெஞ்சுவான் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். மூன்றையும் அவன் செய்யவில்லை. போனை வைத்த பிறகு அவன் தந்திரமானவன் என்று தோன்றியது. மாலைக்குள் அதுவும் தோன்றாமல் போயிற்று. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 21, வியாழன்

கூரியர் வந்தது. நீல அட்டை நோட்டு. ஈரம் படாமல் இரண்டு உறைகளில் போட்டு அனுப்பியிருக்கிறான். இருபத்தெட்டு வருடம் வைத்திருந்திருக்கிறான்.

ஜூலை 22, வெள்ளி

போகவில்லை. தலைவலி.

ஜூலை 24, ஞாயிறு

நோட்டில் 40ஆம் பக்கம். என் கையெழுத்து: "வாசற்கல்: 1864. ஐயமில்லை."

அதன் ஓரத்தில் பென்சிலில், வாசன்: "கல்லின் ஓரத்தைப் பார்த்தாயா?"

அதற்குக் கீழே பேனாவில், நான்: "பார்த்தேன்."

அன்று எங்களிடம் இருந்த ஏணி ஒன்பது அடி. கல் பதினான்கு அடியில். மழை பெய்துகொண்டிருந்தது. கடைசி பஸ் ஐந்தரைக்கு. இவை காரணங்கள் அல்ல, அளவுகள்.

கல் எந்தச் சுவரோடு பிறந்தது என்பதை அதன் ஓரம்தான் சொல்லும். இதை முதல் வருட மாணவர்களுக்கு இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

என் பெயரை அவன் போட்டிருந்தால் 1864உம் என் பெயரிலேயே வந்திருக்கும். வரைபடங்கள் என்னுடையவை என்று நான் எழுதினால் அந்தத் தப்பும் சேர்ந்து வரும். மாலதி பேசினாள். சண்டை முடிந்துவிட்டதா என்றாள். மழை என்றேன்.

ஜூலை 25, திங்கள்

சுவர். இருபதாம் வரி. வலித்தது. தங்கையா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார சுளுக்கு மாசக்கணக்கா நிக்கும் போலுக்கே வே."

ஏப்ரலிலிருந்து என்றேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். தலை சீவ முடியவில்லை, பலகைக்கு முன் நின்று வரைய முடியவில்லை, அதனால்தான் கல்லூரியில் விடுப்பு என்றும் சொல்லிவிட்டேன். அவர் நலிந்த கையை நல்ல கையால் தூக்கிக் கம்பியில் வைத்தார், ஒரு பொருளை அலமாரியில் வைப்பதுபோல.

"நான் இந்தக் கம்பியப் புடிச்ச நாள்ல இருந்து ஆறு மாசத்துல கக்கூசுக்குத் தனியாப் போனேன். உமக்கு அவ்வளவு ஆகாது."

அந்த ஆறு மாதமும் அவரை அங்கே யார் கூட்டிப்போனார்கள் என்று நான் கேட்கவில்லை. மருமகள் வாசலில் குடையோடு காத்திருந்தாள்.

ஜூலை 27, புதன்

மழை விட்டிருந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து இரும்பு ஏணி ஒருவழியாக வந்தது. ஏற வேண்டாம், நான் ஏறிச் சொல்கிறேன் என்றார் ஜோகி. இல்லை என்றேன். எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும். அவர் அடியில் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் படிவரை இடது கையாலேயே ஏறினேன். அதற்கு மேல் இரண்டு கையும் வேண்டும். வலது கை போன இடம்வரை போயிற்று. பாசியை விரலால் சுரண்டினேன்.

கல்லின் இரண்டு ஓரமும் வளைவுக்குப் பொருந்துவதற்காக உளியால் கொத்தப்பட்டிருக்கின்றன. சாந்து புதியது, சுவரின் சாந்து. கிரீடத்துக்கு மேலே, கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு வரியை முழுதாகச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். முதல் எழுத்தின் C போன்ற வளைவு மட்டும் மிச்சம். பதிவேட்டைப் பார்த்தவனுக்கு அது போதும்.

பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அரை மைல் நடந்து பஜாரில் பெரிய ஏணி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"மேல என்ன சார் இருக்கு?" என்றார் ஜோகி.

"1864."

"அது கீழ இருந்தே தெரியுதே சார்."

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசிப் படியில் அவர் என் இடுப்பைப் பிடித்து, நோயாளியை இறக்குவதுபோல இறக்கினார். நான் தட்டிவிடவில்லை.

ஜூலை 28, வியாழன்

காலை ஐந்தரையிலிருந்து எழுதினேன். பதினோரு மணிக்கு முடிந்தது. நாற்பத்திரண்டு பக்கம்.

உருக்குச் சட்டங்களுக்கு: "1890களில் கூரை முழுவதும் புதுப்பிக்கப்பட்டபோது சுவரின் மேல்வரிகளும் சட்டம் தாங்கும் கற்களும் மாற்றப்பட்டிருக்க வேண்டும்." நான் இதுவரை எழுதியதிலேயே கட்டுக்கோப்பான பத்தி இதுதான். யாரும் குறை காண முடியாது. நானே மாணவனாக இருந்து படித்தால் நம்பிவிடுவேன்.

வாசலுக்கு: "வாசற்கல்லை ஏணியில் ஏறி நேரில் ஆய்வு செய்தேன். 1864. ஐயமில்லை."

வடக்குச் சுவர் பற்றிய வரியை எடுத்துவிட்டேன்.

இரவல் வாங்கி வைத்திருந்த பதிவேட்டை ஆவண அறைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். 112ஆம் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கை அதுவரை போகவில்லை; தோளைக் குறை சொல்ல முடியாது, இடது கைதான். இருந்த அடுக்கிலேயே, இருந்த இடத்திலேயே வைத்தேன். படிக்கத் தெரிந்த எவனாவது வந்தால் கண்டுபிடிப்பான். நூற்றுமுப்பது வருடத்தில் நான் ஒருவன்தான் வந்திருக்கிறேன்.

கமலக்கண்ணன் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அப்போ புஸ்தகத்துல இருக்கறதேதானா சார்? இதுக்கா இருபத்தஞ்சு நாள்?" என்றார்.

இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்றேன்.

இதை நான் வாசனுக்காகச் செய்யவில்லை. எனக்காகவும் செய்யவில்லை. தங்கையாவுக்காகச் செய்தேன் என்று எழுதலாம். எழுதினால் அது நன்றாக இருக்கும். நன்றாக இருப்பதால் நம்ப முடியவில்லை.

ஜூலை 29, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. பஸ் பதினொன்றரைக்கு. எட்டு மணிக்குக் கூடத்துக்குப் போனேன். தங்கையா கம்பியை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தார். எனக்காக இல்லை, மருமகளோடு போட்ட பந்தயத்துக்காக. ஜோகி என் கையை ஏற்றினார். இருபத்திரண்டாம் வரி. கோடு போட்டு, தேதி எழுதி, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். பெயரை நானே எழுதினேன். இந்தக் கட்டடத்தில் என் பெயர் இருக்கும் ஒரே இடம்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வாசனிடமிருந்து செய்தி. போர்டு நேற்றே அறிக்கையை அனுப்பியிருக்கிறது. இரவெல்லாம் படித்திருக்கிறான் போல. ஒரே ஒரு வரி.

"கல்லின் ஓரத்தைப் பார்த்தாயா?"

பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையாலேயே பதில் அடித்தேன்.

"பார்த்தேன்."